கடலோரத்திலிருந்து ஒரே நாளில் மலை: வழிகாட்டியோடு எங்கே போகலாம்?

பாம்பன்_கரை (1)

எல்லாருக்கும் வணக்கம். கேக்கலாமா வேணாமான்னு ரெண்டு வாரமா யோசிச்சுட்டு இன்னைக்குத்தான் எழுதுறேன்.

எங்க அம்மாவுக்கு 58 வயசு. சின்னப் பிள்ளையில இருந்து கடல்ல பாசி எடுக்குறாங்க. விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு முங்கி, பாறையில இருந்து கட்டக்கோரை, மரிக்கொழுந்துன்னு சொல்ற கடல்பாசிகளைப் பிச்சு எடுக்குற வேலை. தீவுப் பக்கம் எந்தப் பாறை எங்க இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வாங்க. ஆனா மலையை மட்டும் கிட்ட நின்னு பாத்ததே இல்ல. ஆஸ்பத்திரிக்கு மதுரை மாட்டுத்தாவணி போற பஸ்ல, ஜன்னல் வழியா யானைமலையைப் பாத்ததோட சரி. "அது முழுக்க ஒரே கல்லா?"ன்னு அன்னைக்குக் கேட்டாங்க. அதுக்கு அப்புறம் அதைப் பத்திப் பேசவே இல்ல. எனக்குத்தான் மறக்கல.

பிள்ளைங்க ரெண்டு பேர். மகளுக்கு 9, மகனுக்கு 6. மகனைப் பொறுத்தவரை ராமேஸ்வரத்துல இருக்குற கந்தமாதன பர்வதம்தான் உலகத்துலயே பெரிய மலை. அது வெறும் மணல்மேடு. மகள் படம் வரைஞ்சா ரெண்டு முக்கோணம் போட்டு நடுவுல சூரியனை வைக்கிறா. சூரியன் கடல்ல இருந்து எந்திரிக்கிறதைத் தினமும் பாக்குற பிள்ளை அது.

ஆடி மாசத்துக் கச்சான் காத்து வந்துட்டா தென்கடல்ல அம்மாவால இறங்க முடியாத நாளு நிறைய வரும். அப்ப ஒரு நாள் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன். மதுரையில சித்தி வீட்டுல ராத்திரி தங்கி, விடியக்காலம் கிளம்பி, ராத்திரிக்குள்ள மதுரை திரும்பிடணும். காடு, மரம், பறவைன்னு சொல்லிக் காட்ட விவரமான ஆளு கூட இருக்கணும். எந்த மலை? யாரைக் கூப்பிடணும்?

கீழக்கரை_காக்கா (2)

கொடைக்கானல்தான் சகோதரி, வேற யோசனையே வேணாம். மதுரையில இருந்து 120 கிலோமீட்டர்கூட வராது. ஒரே நாள்ல போயிட்டு வர்ற வேன்கள் ஏகப்பட்டது இருக்கு. ஏரி, தூண் பாறை, பைன் காடு, வெள்ளி அருவி எல்லாம் பாத்துடலாம். ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. 2024 மே மாசத்துல இருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி சொந்த வண்டிக்கும் வாடகை வண்டிக்கும் இ-பாஸ் கட்டாயம். அதை முன்னாடியே எடுத்துருங்க. சனி, ஞாயிறு வேணாம்.

தேவிபட்டினத்தான் (3)

காக்கா சொன்ன வேன்ல போன வருஷம் நாங்க போனோம். என் அனுபவத்தைச் சொல்லிடுறேன், அக்கா முடிவு பண்ணிக்கட்டும்.

"கைடுடன் இயற்கைச் சுற்றுலா, 9 இடங்கள்"னு போட்டிருந்தாங்க. அப்பா, அம்மா, நான், என் வீட்டம்மான்னு நாலு டிக்கெட். மதுரையில 6 மணிக்குக் கிளம்பவேண்டிய வண்டி ஆள் நிரம்பி 7.40-க்குத்தான் கிளம்புச்சு. கைடுன்னு யாரும் வரல. டிரைவர் தம்பிதான் கைடு. அவரைக் குறை சொல்ல மாட்டேன். முந்தின நாள் ராத்திரியும் அவர்தான் ஓட்டியிருக்கார், கண்ணு ரெண்டும் சிவந்து கெடந்துச்சு.

ஒவ்வொரு இடத்துலயும் "பதினஞ்சு நிமிஷம், பதினஞ்சு நிமிஷம்"னு ஹாரன். பைன் காட்டுல எங்கப்பா ஒரு மரத்தைத் தடவிக்கிட்டு நின்னார். அவர் தச்சர். பட்டையை முகர்ந்து பாத்துட்டு "இது என்ன சாதி மரம், நம்ம ஊரு மரம் மாதிரி இல்லியே"ன்னு கேட்டார். பதில் சொல்ல ஒருத்தரும் இல்ல. ஊருக்கு வந்த பிறகுதான் படிச்சேன், அது வெள்ளைக்காரன் காலத்துல, 1906 வாக்குல நட ஆரம்பிச்ச வெளிநாட்டு மரமாம். அவர் சந்தேகப்பட்டது சரிதான். ஆனா அங்க நிக்கிறப்ப அவருக்கு அது தெரியாமப் போச்சு. அதே நேரம் சாக்லேட் கடையில மட்டும் வண்டி 50 நிமிஷம் நின்னுச்சு.

இறங்குறப்ப அப்பாவுக்கு மூணு தடவை வாந்தி. நிறுத்தச் சொன்னா "கீழ போய் நிறுத்துறேன் சார்". அக்கா, 9 இடம்னு யாராவது சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க. ஒரு இடம் போதும்.

பரமக்குடி_வாத்தியார் (4)

தங்கையே, ஓய்வுபெற்ற ஆசிரியன் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

எந்த மலை என்று கேட்டீர்கள். உங்கள் தாயாருக்கு ஏற்கெனவே உறவான மலை ஒன்று இருக்கிறது. அதற்கே போங்கள் என்பேன். மேகமலை.

வைகை எங்கே முடிகிறது என்று நம் மாவட்டத்துப் பிள்ளைகளிடம் கேட்டால் சொல்லிவிடுவார்கள். ராமநாதபுரம் பெரிய கண்மாய். மிஞ்சினால் ஆற்றங்கரை ஊருக்குப் பக்கத்தில் கடல். கடல் சேராத ஆறு என்று பழம்பாட்டில் பாடப்பட்ட ஆறு அது. நல்ல மழை ஆண்டில் சேரத்தான் செய்கிறது. எங்கே பிறக்கிறது என்று கேட்டால் பாதிப் பேர் விழிக்கிறார்கள். வருசநாட்டுக்கு மேலே வெள்ளிமலைக் காட்டில் பிறக்கிறது. அது மேகமலைத் தொடரின் ஒரு பக்கம். நீங்கள் வண்டியில் போகக்கூடிய ஹைவேவிஸ், மணலாறு, இரவங்கலாறு எல்லாம் மறுபக்கம். அந்தப் பக்கத்துத் தண்ணீர் சுருளியாறாக இறங்கி, அதுவும் வைகையில்தான் வந்து விழுகிறது. 1959-இல் திறந்த வைகை அணையில் தேங்குகிற தண்ணீரில் ராமநாதபுரம், சிவகங்கை, மதுரை மாவட்டங்களுக்குப் பங்கு 7:3:2. நமக்குத்தான் பெரிய பங்கு. கடைமடைக்கு அது வந்து சேருகிறதா என்பது தனி வழக்கு, அதை இங்கே இழுக்க வேண்டாம்.

258 கிலோமீட்டர் ஓடி நம் கண்மாய்க்கு வருகிற தண்ணீர் கிளம்பும் மலையை, அது வந்து சேரும் ஊரில் இருப்பவர்கள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டாமா? கொடைக்கானலைப் பார்க்க ஊரே போகிறது. மேகமலையைப் பார்க்க நமக்குக் காரணம் இருக்கிறது.

உப்பூர்_வழி (5)

ஐயா, சின்னத் திருத்தம். பாம்பன்ல குழாய்ல வர்றது காவிரிக் கூட்டுக் குடிநீர். குடிக்கிற தண்ணிக்கு நாம நன்றி சொல்ல வேண்டியது குடகு மலைக்கு. வைகை நம்ம வயலுக்கும் கண்மாய்க்கும்தான். மத்தபடி நீங்க சொன்னதுல மாத்துக் கருத்தே இல்ல.

தொண்டிக்கரை (6)

எந்த மலைங்கிறதை விட யாரோட போறீங்கங்கிறதுதான் பெருசு. நானும் ஒரு வழிகாட்டிதான், ஆனா தண்ணியில. காரங்காடு அலையாத்திக் காட்டுல வனத்துறை கிராமத்து ஆளுகளை வச்சு நடத்துற படகுச் சவாரியில கூட்டிட்டுப் போற வேலை.

எங்க வேலையைச் சொன்னா மலைக் கைடு எப்படி இருக்கணும்னு உங்களுக்கே புரிஞ்சுரும். மதுரை, திருச்சியில இருந்து வர்றவங்க படகுல ஏறுனதும் "என்ன காட்டுவீங்க?"ன்னு கேப்பாங்க. நான் வாயைத் தொறக்க மாட்டேன். ஓடைக்குள்ள கொஞ்ச தூரம் போனதும் துடுப்பை நிறுத்திருவேன். சேத்துல இருந்து ஆணி குத்துன மாதிரி மேல நீட்டிக்கிட்டு நிக்கிற வேரு அவங்க கண்ணுல படுற வரைக்கும் பொறுப்பேன். "இது என்னங்க, செத்த குச்சியா?"ன்னு அவங்க வாயில இருந்து வரணும். அப்பத்தான் சொல்லுவேன், அது மரம் மூச்சு விடுற மூக்குன்னு. அவங்க கேட்ட பிறகு சொன்னாத்தான் மனசுல நிக்குது. நானா முன்னாடியே சொன்னா போட்டோ எடுத்துட்டு அடுத்தது என்னங்கிறாங்க.

இன்னொண்ணு, கடல் தண்ணி இறங்குற வத்தம் எப்ப, ஏறுற ஏத்தம் எப்பன்னு எனக்குத் தெரியும். வத்தத்துல உள்ள போயிட்டா படகு தரைதட்டி மூணு மணி நேரம் கொசுக்கடியில உக்காரணும். "இன்னும் உள்ள போ, காசு சேத்துத் தாரோம்"னு சொல்லுவாங்க. முடியாதுன்னு சொல்றதுக்கும் சேத்துத்தான் எனக்குக் கூலி.

அதனால நீங்க போன்ல பேசுறப்ப "என்னென்ன காட்டுவீங்க"ன்னு கேக்காதீங்கம்மா. "எந்த ஊரு நீங்க? அந்தக் காட்டுல எத்தனை வருஷமா நடக்குறீங்க? எப்பல்லாம் பாதியில திரும்பியிருக்கீங்க?"ன்னு கேளுங்க. மூணாவது கேள்விக்குப் பதில் வச்சிருக்கிற ஆளை நம்பிப் போலாம்.

திண்டுக்கல்_மருமகள் (7)

நான் பொறந்தது முதுகுளத்தூர், வாக்கப்பட்டது திண்டுக்கல். மேகமலை நல்ல இடம்தான், ஆனா மதுரையில இருந்து அது ரொம்ப நீளமான நாளு. தேனி, சின்னமனூர்னு போய் அப்புறம் 18 கொண்டை ஊசி வளைவோட 40 கிலோமீட்டர் மலைப்பாதை. ஆறு வயசுப் பிள்ளை தாங்குமா? சிறுமலையை யோசிங்க அக்கா. மதுரையில இருந்து ரெண்டரை மணி நேரத்துல மேல நிக்கலாம். அங்கயும் 18 கொண்டை ஊசி வளைவு. காப்பி, மிளகு, பலா, சௌசௌ, புவிசார் குறியீடு வாங்குன சிறுமலை வாழை. தோட்டத்துல இருந்து குதிரை முதுகுல பொதி ஏத்திக்கிட்டு வருவாங்க, பிள்ளைங்களுக்கு அது ஒண்ணே போதும். கூட்டமும் கம்மி. அம்மாவுக்கு முடியலன்னாலும் ஒரு மணி நேரத்துல திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்கு இறங்கிடலாம். என் ஓட்டு சிறுமலைக்கு.

பாம்பன்_கரை (8)

இவ்வளவு பேரு எழுதுவீங்கன்னு நெனைக்கல. வாத்தியார் ஐயா எழுதுனதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். "அப்ப அந்த மலைக்கே போவோம்"னுட்டாங்க. சிறுமலையை அடுத்த தடவைக்கு வச்சிருக்கேன் தங்கச்சி, கோவிச்சுக்காத.

சில கேள்வி. மழைக்காலத்துல அட்டை நிறைய இருக்கும்னு சொல்றாங்களே? அட்டைன்னதும் என் மகன், புடிக்கத் தடை இருக்குற கடலட்டைன்னு நெனச்சு "அதைப் புடிச்சா கேஸ் போடுவாங்கம்மா"ங்கிறான். ரெண்டாவது, வாந்தி. மூணாவது, கக்கூஸ் வசதி. அம்மா வெளிய வாயைத் தொறந்து சொல்ல மாட்டாங்க, நாள் முழுக்கத் தண்ணி குடிக்காம இருந்துருவாங்க. நாலாவது, மேல போனா காது அடைக்குமாமே?

மலையேறி_தேனி (9)

வணக்கம் அக்கா. நான் சின்னமனூர். மாசத்துக்கு ரெண்டு தடவையாவது மேல போறவன். ஒவ்வொண்ணாச் சொல்றேன்.

காது அடைக்கும். அதுக்கு உங்க அம்மாகிட்டதான் மத்தவங்க வைத்தியம் கேக்கணும். முங்குற ஆளுக்கு அது பழகுன விஷயம். கீழ போகப் போகத் தண்ணி அமுக்குறதால அடைக்கும், மேல ஏற ஏறக் காத்தோட அமுக்கம் குறையுறதால அடைக்கும். எச்சி முழுங்குனா விட்டுரும். பிள்ளைங்களுக்குப் புளிப்பு மிட்டாய் குடுங்க.

வாந்திக்கு: காலையில இட்லி ரெண்டு, அதுக்கு மேல வேணாம். எண்ணெய்ப் பலகாரம், பால் ஆகாது. முன் சீட்டு, ஜன்னல் தொறந்திருக்கணும், போன் பாக்கக் கூடாது. எலுமிச்சம்பழத்தைக் கீறிக் கையில வச்சுக்கங்க. ஆறாவது, ஏழாவது வளைவுல ஒரு தடவை நிறுத்தி நடக்க விடுங்க. அந்த 18 வளைவுக்கும் நெடுஞ்சாலைத் துறை சங்க இலக்கியப் பூ பேரு வச்சிருக்கு, பலகையை மகளை வாசிக்கச் சொல்லுங்க.

அட்டை ஆடியில இருக்கத்தான் செய்யும். முழங்கால் வரைக்கும் சாக்ஸ், அதுமேல வேப்பெண்ணெயோ புகையிலைத் தண்ணியோ தடவிக்கங்க. ஏறிட்டாப் பிச்சு இழுக்காதீங்க, உப்புத்தூள் போட்டா விழுந்துரும். ரத்தம் கொஞ்ச நேரம் நிக்காது. ரத்தம் உறையாம இருக்க அது ஒரு சரக்கை விடுது, அதனாலதான். பயப்பட ஒண்ணுமில்ல.

கக்கூஸ்: சின்னமனூர்ல முடிச்சுக்கங்க. அப்புறம் ஹைவேவிஸ் கடைத்தெருவுலதான். நடுவுல எதுவும் இல்ல, அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிருங்க.

அடிவாரத்துல தென்பழனி சோதனைச் சாவடி இருக்கு. காலை 6 மணிக்கு மேலதான் விடுவாங்க, மாலை 6-க்குள்ள இறங்கியாகணும். 2021-ல இருந்து இது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். பிளாஸ்டிக் கொண்டு போகாதீங்க. சுமார் 1,500 மீட்டர் உயரம், கீழ இருக்கறதை விடப் பத்து டிகிரி வரைக்கும் குறையும். கடலோரத்து உடம்புக்கு அது அதிகம், ஸ்வெட்டர் எடுத்துக்கங்க. உண்மையான கைடு யாருன்னு தனிச் செய்தியில அனுப்புறேன். தேயிலை எஸ்டேட் தொழிலாளிங்க குடியிருக்குற லயன் வீட்டுல பொறந்து வளந்தவர், நாளுக்கு 1,500 கேப்பார். அனுமதி உள்ள பாதையில மட்டும்தான் கூட்டிட்டுப் போவார்.

ஏர்வாடி_பயணி (10)

ரோடு இருக்கு, மேப் இருக்கு. மேகமலைக்குப் போய் நிக்க எதுக்கு 1,500 ரூபாய்? நான் பைக்ல ரெண்டு தடவை போயிட்டு வந்தாச்சு. வியூ பாயிண்ட் எல்லாம் போன்லயே வருது. பாசி எடுக்குற அம்மாவோட காசை ஏன் வீணாக்கணும்? அந்தக் காசுல பிள்ளைங்களுக்கு நல்ல ஸ்வெட்டர் வாங்கலாம்.

மலையேறி_தேனி (11)

காசு விஷயத்துல உங்க அக்கறை நியாயம்தான் அண்ணே. ஆனா ரோட்டுல போயிட்டு ரோட்டுல வர்றது வேற, பிள்ளைங்களோட காட்டு ஓரம் நடக்குறது வேற.

2018 மார்ச் 11 குரங்கணி எங்க மாவட்டத்துலதான் நடந்துச்சு. காட்டுத் தீயில மாட்டி இருபது பேருக்கு மேல போயிட்டாங்க. வந்தவங்க எல்லாம் படிச்ச, தெளிவான பிள்ளைங்க. தீக்காலத்துல காஞ்ச புல்லு எப்படிப் பத்தும், காத்து திரும்புனா எந்தப் பக்கம் ஓடணும்னு சொல்ல ஊர் ஆளு கூட இருந்திருக்கணும். அதுக்கு அப்புறம்தான் மலையேற்றத்துக்குத் தனி விதிமுறையே வந்துச்சு. இப்ப வனத்துறையே 2024-ல இருந்து 40 பாதையைத் தெறந்து, மலைவாசி இளைஞர்களுக்குப் பயிற்சி குடுத்துக் கைடா அனுப்புது. குரங்கணி–சாம்பலாறு பாதையும் அதுல இருக்கு. தீக்காலத்துல மூடிருவாங்க. உங்களுக்கு ஏற ஆசை இருந்தா அதுல பதிவு பண்ணிட்டு வாங்க.

யானை ரோட்டுக்கே வர்ற ஊரு இது. மேப்புல யானை காட்டாது.

தொண்டிக்கரை (12)

ஏர்வாடித் தம்பி, நம்ம கடல்ல வெளியூர்க்காரன் ஒருத்தன் மேப்பை வச்சுக்கிட்டு வள்ளத்தை எடுத்தா நீ விடுவியா? பாறை எங்க இருக்கு, நீவாடு, அதான் கடல் நீரோட்டம், எப்படி இழுக்குதுன்னு தெரியாம எறங்காதன்னுதானே சொல்லுவ. அந்த மலையில நாமதான் தம்பி வெளியூர்க்காரன்.

ஏர்வாடி_பயணி (13)

அந்த உதாரணம் சரிதான் அண்ணே. ஏத்துக்கிறேன்.

பாம்பன்_கரை (14)

ஆறு வாரம் ஆச்சு. போன சனிக்கிழமை போயிட்டு வந்துட்டோம். நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சித்தி வீடு. காலை 4 மணிக்குக் கார். சின்னமனூர்ல 6.15, மலையேறி அண்ணன் சொன்னபடி எல்லாரையும் கக்கூஸ் அனுப்பி, ரெண்டு ரெண்டு இட்லி. கைடு அண்ணன் அடிவாரத்துலயே ஏறிக்கிட்டார். அம்பது வயசு இருக்கும், காக்கிச் சட்டை, கையில ஒரு குச்சி, பேச்சு ரொம்பக் கம்மி. என்னடா இவர் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குறாரேன்னு முதல்ல கவலைப்பட்டேன்.

மகள் ஒவ்வொரு வளைவுலயும் பூ பேரைக் கத்தி வாசிச்சா. மகன் எட்டாவது வளைவுல வாந்தி எடுத்தான். அம்மாவுக்கு ஒண்ணும் ஆகல. ரெண்டு விரலால மூக்கைப் புடிச்சு லேசா ஊதிக்கிட்டாங்க, கடல்ல செய்யுற மாதிரியே. அதைப் பாத்துட்டு டிரைவரும் அப்படியே பண்ணினார்.

மேல போனதும் ஒரே மூடுபனி. பத்தடிக்கு அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியல. இவ்வளவு தூரம் வந்து வெள்ளையைத்தான் பாக்கணுமான்னு எனக்கு அழுகையே வந்துருச்சு. கைடு அண்ணன் தேயிலைத் தோட்டத்துக்கும் காட்டுக்கும் நடுவுல ஒரு இடத்துல நிறுத்தி, "பத்து நிமிஷம் பேசாம நிப்போம்"னார். நின்னோம். முதல்ல கேட்டது அம்மாதான். "ஏதோ எஞ்சின் வருது"ன்னாங்க. எங்க யாருக்கும் கேக்கல. அப்புறம் தலைக்கு மேல புஸ் புஸ்ஸுன்னு சத்தம், பெரிய இறக்கை காத்தை அடிக்கிற சத்தம். பனிக்குள்ள கருப்பும் வெள்ளையுமா ரெண்டு பறவை போச்சு. "இருவாச்சி"ன்னார். பொட்டை மரப்பொந்துக்குள்ள போய் வாசலை அடைச்சுக்குமாம், சின்னதா ஒரு ஓட்டை மட்டும் விட்டு. குஞ்சு வளர்ற வரைக்கும் ஆண்தான் பழம் கொண்டாந்து ஊட்டணுமாம். "அது திரும்பி வரலன்னா?"ன்னு அம்மா கேட்டாங்க. "உள்ள இருக்குறது பட்டினிதாம்மா"ன்னார். அம்மா அதுக்கு மேல பேசல. எங்கப்பா கடலுக்குப் போய்த் திரும்பாத ஆளு.

அங்க இருந்து ஒரு முனைக்கு நடக்கணும், அங்க நின்னா கேரளப் பக்கம் தெரியும்னு சொல்லியிருந்தார். அரை மணி நேரம் நடந்திருப்போம். பாதையில யானைச் சாணி. குச்சியால கிளறினார், ஆவி வந்துச்சு. கொஞ்ச நேரம் அப்படியே நின்னு காது குடுத்தார். "திரும்புவோம்." அவ்வளவுதான் சொன்னார். மகள் முகம் தொங்கிப் போச்சு. "யானையைப் பாக்கலாமே மாமா"ன்னு கெஞ்சுறா. நானும் இன்னும் கொஞ்சம் போலாமான்னு வாயெடுத்தேன். அம்மா என் கையைப் புடிச்சு, "போகாதன்னா போகக் கூடாது. கச்சான்ல நான் இறங்குவேனா?"ன்னாங்க. திரும்பிட்டோம். தொண்டிக்கரை அண்ணே, உங்க மூணாவது கேள்விக்கு எனக்கு நேர்லயே பதில் கெடச்சுது.

அட்டை எனக்கு மூணு, மகளுக்கு ஒண்ணு, அம்மாவுக்கு ரெண்டு. அம்மா உப்பைக்கூடக் கேக்கல, விரல் நகத்தால நெம்பி எடுத்துட்டாங்க.

மத்தியானம் பனி வெலகிச்சு. அணைத் தண்ணி ஓரமா கட்டுச்சோறு சாப்பிட்டோம். காத்து நல்லா அடிச்சுது, கூடவே சாரல். "இது எந்தப் பக்கத்துக் காத்து?"ன்னு அம்மா கேட்டாங்க. கைடு கேரளப் பக்கம் கையைக் காட்டினார். அம்மா கொஞ்ச நேரம் முகத்தை அந்தப் பக்கம் வச்சுக்கிட்டு இருந்துட்டு, "கச்சான்தான் இது. கச்சான்ல மழையா?"ன்னு என்னைப் பாத்தாங்க. நம்ம கரையில கச்சான் வந்தா மணலை அள்ளிக் கண்ணுல போடும், கருவாடு ஒரே நாள்ல காஞ்சுரும், ஒரு சொட்டு மழை வராது. 58 வருஷமா வறட்டுக் காத்துன்னு திட்டிக்கிட்டு இருந்த காத்து இங்க நனைஞ்சு நிக்குது. வாத்தியார் ஐயா, இதை நீங்கதான் விளக்கணும்.

கிளம்புற நேரத்துல அம்மாவைக் காணோம். தேடிப் போனா, ஓடைப் பக்கம் ஒரு பாறை முன்னாடி குத்த வச்சு உக்காந்திருக்காங்க. பாறை முழுக்கப் பச்சையா மெத்து மெத்துன்னு படர்ந்திருந்துச்சு. உள்ளங்கையை அதுமேல வச்சு மெதுவா அமுக்குனாங்க, தண்ணி கசிஞ்சு விரலிடுக்குல ஓடிச்சு. கையை எடுத்தா திரும்ப உப்பிக்கிச்சு. கைடு அண்ணனும் பக்கத்துல வந்து நின்னார்.

"இதை இங்க என்ன சொல்லுவீங்க?"

"பாசிதாம்மா."

"நாங்களும் அப்படித்தான் சொல்லுவோம்"னாங்க. எடுக்கலாமான்னு கேட்டாங்க, கூடாதுன்னார். மழைத் தண்ணியைப் புடிச்சு வச்சு, மழை இல்லாத நாள்ல ஓடைக்குச் சொட்டுச் சொட்டா விடுறது இதுவும் வேரும் மண்ணும்தானாம். அம்மா தலையாட்டினாங்க. "நாங்களும் வேரோட புடுங்குறதில்ல. மாசத்துல 12 நாளுதான் எடுப்போம்"னு அவர்கிட்ட சொல்ல ஆரம்பிச்சாங்க. அதுக்கு அப்புறம் வண்டி வரைக்கும் அவங்க ரெண்டு பேரும்தான் பேசிக்கிட்டு வந்தாங்க. நான் பிள்ளைங்களைப் புடிச்சுக்கிட்டுப் பின்னால நடந்தேன்.

செலவு: கார் 7,000, கைடு 1,500, சாப்பாடு சித்தி கட்டிக் குடுத்தது. ராத்திரி 8.30-க்கு மதுரை.

பரமக்குடி_வாத்தியார் (15)

தங்கையே, இருமுறை படித்தேன். கச்சான் பற்றிக் கேட்டீர்கள். அது அரபிக்கடலில் இருந்து ஈரத்தோடு வரும் தென்மேற்குக் காற்று. மலை குறுக்கே நிற்பதால் மேலே ஏறி, குளிர்ந்து, ஈரத்தை அங்கேயே இறக்கிவிடுகிறது. இந்தப் பக்கம் இறங்கும்போது சூடாகி, காய்ந்து, நம்மிடம் வருகிறது. மழை நமக்குக் காற்றாக வருவதில்லை, வைகையாக வருகிறது. உங்கள் தாயார் மலைமேல் நின்று முகத்தால் கண்டுபிடித்ததை முப்பது வருடம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு நடத்தியிருக்கிறேன். அவருக்கு என் வணக்கம்.

தேவிபட்டினத்தான் (16)

அக்கா, அந்தக் கைடு நம்பர் எனக்கும் வேணும். எங்கப்பாவைத் திரும்பக் கூட்டிட்டுப் போகணும். மரம் பாக்கணும் அவருக்கு.

பாம்பன்_கரை (17)

தனிச் செய்தி பாருங்க தம்பி. அப்பாவை மரத்துக்கிட்ட எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிக்க விடுவார்.

மலையேறி அண்ணே, ஒரு உதவி. அம்மா கரையில போய்ச் சொல்லி, இப்ப பாசிக்குப் போற பொம்பளைங்க ஒம்பது பேரு வர்றேங்குறாங்க. ஆவணி அமாவாசைப் பாசி எடுப்பு முடிஞ்சதும் வரலாம்னு பேச்சு. பன்னெண்டு பேரு உக்கார்ற வேன் தென்பழனிக்கு மேல ஏறுமா?

மலையேறி_தேனி (18)

ஏறும் அக்கா. மலை ஓட்டிப் பழகுன டிரைவரா பாருங்க. கைடு அண்ணன்கிட்ட நான் பேசிடுறேன். உங்க அம்மா வர்றாங்களான்னு அவரே ரெண்டு தடவை கேட்டுட்டார்.